வில்லியம்ஸ் சிண்ட்ரோம் குழந்தைக்குக் கேள்திறன் பரிசோதனை: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, வில்லியம்ஸ் சிண்ட்ரோம். ஏழாவது குரோமோசோமில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் விடுபட்டுப்போவதால் வருவது. வாய் ஓயாமல் பேசுவாள். அதனாலேயே எல்லாம் புரிகிறது என்று பள்ளியில் நினைத்துவிடுகிறார்கள்.

நேற்று, "செருப்பை எடுத்து அலமாரிக்குக் கீழே வை" என்றேன். என் குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாமல் அப்படியே திருப்பிச் சொன்னாள். செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். கீழே, பின்னால், நடுவில் போன்ற சொற்கள் இக்குழந்தைகளுக்குக் கடினம். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் மிக்சி ஓடியது. இரு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள். அதன்பின் நான் சொன்னது எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஒலி இவ்வளவு உறுத்தினாலும், உயர் அதிர்வெண் (கீச்சென்ற) ஒலிகளில் கேள்திறன் குறைவது இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஒரு மருத்துவமனையில் ஹெட்போனை மாட்டியதும் அலறினாள் என்று, சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இப்படிப் பயப்படும் குழந்தையைப் பொறுமையாகப் பரிசோதிப்பவர்களை மதுரைப் பக்கம் யாருக்காவது தெரியுமா? வகுப்பில் காதுமூடி அணிவித்தால் ஆசிரியர் பேச்சும் கேட்காமல் போய்விடுமா? பாட்டாகச் சொன்னால் ஆசையாகக் கவனிக்கிறாள். பாட்டு வழியே கீழே, பின்னால் போன்ற சொற்களைக் கற்றுக்கொடுத்த பெற்றோர் இருந்தால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.