கே.எல். போகிற வழியில் ஈப்போ: அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் எதைக் காட்டலாம்?

பாடாங் செராய் மகள்:
வணக்கம். பள்ளி விடுமுறையில் காரில் கே.எல். (கோலாலம்பூர்) போகிறோம். வழியில் ஈப்போவில் இறங்கிச் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பினால் போதும். அப்பாவும் வருகிறார். தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வு பெற்றவர், முட்டி வலி உண்டு. பிள்ளைகளுக்குச் சுவர் ஓவியங்கள் பார்க்க ஆசை. எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி எங்கே போகலாம்?

கோப்பிக்கடை தம்பி:
பழைய டவுன் போங்க அக்கா. பினாங்கில் வரைந்த அதே எர்னஸ்ட் சகாரெவிச் 2014-ல் ஈப்போவிலும் வரைந்திருக்கிறார். கோப்பிக் கோப்பையோடு இருக்கும் பெரியவர், காகித விமானத்தில் பறக்கும் பிள்ளைகள் எல்லாம் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

சுங்கை சிப்புட்காரன்:
அக்கா, ஓவியங்களோடு திரும்பிவிடாதீர்கள். ஈப்போ ஈயத்தால் எழும்பிய ஊர். அந்த ஈயத்தைப் பார்க்காமல் வந்தால் பாதி ஊர்தான் பார்த்ததாகும்.

முதலில் ரயில் நிலையம். 1917-ல் கட்டி முடித்தது. கே.எல். பழைய ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பக்தான் இதையும் வடிவமைத்தார். அதன் எதிரே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது, ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். இதுவும் பால் வடிக்கிற மரம்தான், ஆனால் விஷப் பால். ஓராங் அஸ்லி என்கிற பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடியது இதைத்தான். அப்பாவைக் கட்டாயம் அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள்.

பக்கத்திலேயே 1909-ல் கட்டிய பர்ச் மணிக்கூண்டு. 1875-ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்சின் நினைவாக எழுப்பியது. அவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக பிரிட்டிஷார் வைத்த அதிகாரி. அவரைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ மகாராஜா லேலாவின் பெயர் இப்போது பக்கத்துச் சாலைக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு, மதியம் பத்து காஜா பக்கம் வண்டியை விடுங்கள். தஞ்சோங் துவாலாங் போகிற சாலையில் டி.டி.5 என்கிற, ஈயம் தோண்டிய கப்பல் நிற்கிறது. 1938-ல் செய்தது, 4,500 டன், 75 மீட்டர் நீளம். முன்பக்கம் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் குட்டையின் அடிமண்ணை அள்ளி மேலே ஏற்றும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிச் சலிக்கும்போது கனமான ஈயமணல் அடியில் தங்கிவிடும், மற்ற மண்ணும் கல்லும் பின்பக்கமாகப் போய் விழும். முன்னால் தோண்டி, பின்னால் கொட்டி, தான் மிதக்கிற குட்டையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போகும். ஈப்போ இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கின் பல லம்பக் (ஈயச் சுரங்க) குட்டைகள் இப்படி உண்டானவைதான். இந்தக் கப்பல் 1982-ல் நின்றது. 1985-ல் ஈய விலை சரிந்ததும் மிச்சமிருந்த லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடின.

எங்கள் தாத்தா இப்படி ஒரு கப்பலில் வேலை பார்த்தவர். வாளிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். முதல் தடவை அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு அவர் குரல் ஏன் அப்படி என்று புரிந்தது. நம் ஆட்கள் மரம் மட்டுமா வெட்டினார்கள்? பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடாங் செராய் மகள்:
அண்ணே, ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அந்த மரத்தைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டார். கப்பலில் படி ஏற வேண்டுமா? கெல்லீஸ் காசலும் அந்தப் பக்கம்தானே?

சுங்கை சிப்புட்காரன்:
உள்ளே போனால் படி உண்டு. அப்பா கரையில் உட்கார்ந்தே முழுக் கப்பலையும் பார்க்கலாம். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கெல்லீஸ் காசல் பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில், உங்கள் வழியிலேயே வரும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்ட ஆரம்பித்த மாளிகை. அவர் 1926-ல் இறந்துபோனதால் வேலை பாதியில் நின்றுவிட்டது. மாளிகையைவிட எனக்கு முக்கியம் பக்கத்து மாரியம்மன் கோயில். விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டுக் கட்ட வைத்ததாகச் சொல்வார்கள். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரை உருவம் ஒன்று இருக்கும், பிள்ளைகளிடம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கோப்பெங் டோலில் ஏறினால் நேராக கே.எல்.தான், ஈப்போவுக்குத் திரும்ப வேண்டாம். கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகைகள்) வாங்குவதென்றால் பத்து காஜாவுக்குக் கிளம்புவதற்கு முன்பே ஈப்போ புந்தோங்கில் வாங்கிவிடுங்கள்.