அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்? கோர்ட் படி ஏறியவர்களின் அனுபவங்கள்

அம்மாவின் தாலிச் செயினை பைக்கில் வந்த ரெண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். ஆளைப் பிடித்து, குற்றப்பத்திரிகை போட்டு, சி.சி. நம்பர், அதாவது கோர்ட்டில் வழக்கு எண், விழுந்து, சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அதுவரை எங்கள் பக்கத்து அரசு வக்கீல் யார் என்றே தெரியாது. சம்மன் கொண்டுவந்த கோர்ட் போலீஸ்காரர்தான், "காலையில சீக்கிரம் வந்து ஏ.பி.பி. சாரைப் பாத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏ.பி.பி. என்றால் உதவி அரசு வக்கீல்.

போனோம். சின்ன அறை, மேசை முழுக்க கேஸ் கட்டு, வாசலில் அன்றைக்குச் சாட்சி சொல்ல வந்த மற்ற வழக்குக்காரர்கள். அவர் கட்டைப் பிரித்து, அம்மா போலீசில் சொன்னதாக எழுதியிருந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அதில் வண்டியின் நிறம், ஓட்டினவன் சட்டை, எல்லாம் இருந்தது. அம்மா பட்டென்று, "சட்டை நான் பாக்கவே இல்லையே சார்" என்றார். நான் பயந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாக்கலைன்னா பாக்கலைன்னே சொல்லுங்க. பார்த்த முகத்தை மட்டும் உறுதியா சொல்லுங்க. இல்லாததைச் சொன்னா குறுக்கு விசாரணையில அங்கதான் பிடிப்பாங்க" என்றார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்குமா, தெரியாது. ஆனால் இந்த வழக்கில் அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்கள் என்றால் அது அந்த நேரம்தான்.

அங்கேதான் ஒன்று புரிந்தது. வழக்கு நடத்துவது அரசு, அம்மா அதில் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, அவ்வளவே. வாய்தா தள்ளிப் போனால் நமக்குச் சொல்ல ஆள் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவனும் நாமும் ஒரே வராண்டாவில்தான் நிற்கவேண்டும், அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். இதற்கெல்லாம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று இருக்கிறது, உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது, சாட்சியும் குற்றவாளியும் எதிரெதிரே வராமல் பார்த்துக்கொள்வதும் அதில் உண்டு. எங்கள் கோர்ட் வராண்டாவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

செயின் விஷயம் தனி. மீட்டது உருக்கிய தங்கக் கட்டியாகத்தான் வந்தது. வழக்கு முடிகிறவரை கோர்ட்டில்தான் கிடக்கும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள், அது சரியில்லை. போட்டோ எடுத்துப் பதிவு செய்துகொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று 2002-லேயே சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு போட்டோம், கிடைத்தது. தாலியாக இல்லை என்று அம்மாவுக்கு இன்றைக்கும் வருத்தம்.

மனு போட வக்கீல் ஃபீஸ் கொடுக்கவில்லை. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்கவேண்டும், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு.

கரூர்க்காரன்:

எங்களுடையது வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு, சித்தப்பாவை அடித்த விவகாரம். அதில் நிலைமை கொஞ்சம் வேறு. 2015 திருத்தத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஜாமீன் கேட்டால் நமக்குத் தகவல் கொடுக்கவேண்டும், நாம் சொல்வதையும் கேட்கவேண்டும். முதல் தடவை அந்தத் தகவலே வரவில்லை. அந்தக் கோர்ட்டின் சிறப்பு அரசு வக்கீலிடம் போய் நின்றபோது, "இதை எழுதிக் கொடுங்க, நானே நீதிபதிகிட்ட சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார், சொன்னபடி சொல்லவும் செய்தார். அதற்கப்புறம் தகவல் ஒழுங்காக வந்தது.

நிவாரணத் தொகை முதல் தகவல் அறிக்கையிலிருந்தே தவணை தவணையாக வரவேண்டியது, கலெக்டர் அலுவலகம் வழியாக. அதற்கு அரசு வக்கீல் பின்னால் சுற்றிப் பயனில்லை, ஆதி திராவிடர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மற்றொன்று, அரசு வக்கீல்மேல் நம்பிக்கை இல்லை என்றால் வேறு மூத்த வக்கீலை நியமிக்கச் சொல்லி கலெக்டரிடம் கேட்க அந்தச் சட்டத்தின் விதி 4(5)-இல் இடம் உண்டு. பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

பழைய ஜூனியர்:

நான் ஒரு பி.பி.யிடம், அதாவது அரசு வக்கீலிடம், சில காலம் ஜூனியராக இருந்தவன், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேஜிஸ்திரேட் கோர்ட் ஏ.பி.பி. டி.என்.பி.எஸ்.சி. எழுதி வந்தவர். செஷன்ஸ் கோர்ட் பி.பி. அரசு நியமிப்பவர், ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார், பாதி விசாரணையில் புது ஆள் வந்து கட்டை முதலிலிருந்து படிப்பார். பாதிக்கப்பட்டவர்கள் இதைத்தான் "எங்க வக்கீல் எங்களை ஏமாத்திட்டார்" என்று நினைத்துக்கொள்வார்கள்.

சொந்த வக்கீல் வைத்தாலும் பொதுவாக அவர் அரசு வக்கீலுக்கு உதவியாகத்தான் இருக்கமுடியும், சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யமுடியாது, எழுத்துபூர்வமாக வாதம் கொடுக்கலாம். ரேகா முரார்கா வழக்கில் 2019-இல் இதை உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதற்காக வைக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஏ.பி.பி. மேசையில் நூறு கட்டு இருக்கும்போது உங்கள் கட்டை எடுத்துக் குறிப்பு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். தவிர, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகை நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் 90 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தாலும் உங்களைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கமுடியாது.

எதிரி விடுதலை ஆகிவிட்டால் அரசு அப்பீல் போகிறதா என்று காத்துக்கொண்டு உட்காராதீர்கள். 2009-இன் கடைசியிலிருந்து பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். மேஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. தீர்ப்பு நகலுக்கு மட்டும் அன்றைக்கே மனு போட்டுவிடுங்கள்.