தூக்குவாளியும் கிருபையும்: உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

பாளைக்காரி
எட்டு வருடமாக உறுத்துகிறது. எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் பலகாரப் போக்குவரத்து உண்டு. தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசம், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முந்திரிக்கொத்து. அந்த வருடம் ஆடியில் அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார். துக்க வருடம், அவர்களுக்குத் தீபாவளி கிடையாது. நாங்கள் வழக்கம்போல டிசம்பர் 24 ராத்திரி தூக்குவாளி நிறையக் கொடுத்தோம். வாளி திரும்பி வரப் பொங்கல் கழிந்துவிட்டது.

அக்காவே கொண்டுவந்தார். கழுவித் துடைத்த வாளி, உள்ளே ஈரத்தோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "வெறும் வாளியக் குடுக்க மனசு வரல. பண்டிகை இல்லாத வீட்டுல வேற என்ன இருக்கு" என்றார். நான் யோசிக்காமல், "எதுக்குக்கா இது? திருப்பித் தருவீங்கன்னா குடுத்தோம்?" என்று சொல்லிவிட்டேன். வாளியின் பிடியை விடாமல் அப்படியே நின்றார். முகம் சுருங்கிப்போனது.

அந்த ஞாயிறு சர்ச்சில் ஐயர் (எங்கள் போதகர்) பிரசங்கம் பைபிளில் எபேசியர் 2:8, கிருபையால், அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவால், இரட்சிப்பு என்கிற வசனம். 'இது தேவனுடைய ஈவு' (சும்மா தரும் கொடை) என்று அவர் வாசித்தபோது எனக்கு அந்த வாளிதான் தெரிந்தது. நான் கொடுத்தது ஈவா, அக்கா தலையில் ஏற்றிவைத்த கடனா?

மொய் எழுதியவன்
என் அக்கா கல்யாணத்தில் நான்தான் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வயதான ஒருவர் கவரை வைத்தார். பெயர் கேட்டேன். "எழுதாதீங்க தம்பி" என்று என் பேனா மேலேயே விரலை வைத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பிரித்தால் பத்தாயிரம். நோட்டில் 'ஒருவர்' என்றுதான் எழுத முடிந்தது. அப்பாவுக்குச் சந்தோஷமே இல்லை. யாருக்குத் திருப்பிச் செய்வது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கல்யாண வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரே இடத்தில் அவர் முதுகு மட்டும் தெரிகிறது. இலவசமாக வாங்குவது இவ்வளவு கஷ்டமா?

வேதபாட வாத்தியார்
சிஸ்டர், உங்கள் கேள்வியே சரியில்லை என்று நினைக்கிறேன். கிருபை என்று நாம் சொல்வதற்குக் கிரேக்கத்தில் காரிஸ். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சேர்த்த காணிக்கைக்கும் 2 கொரிந்தியர் 8இல் அதே சொல்தான். அடுத்த அதிகாரம் 15ஆம் வசனத்தில், 'சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்' என்று வருகிறதே, அந்த ஸ்தோத்திரமும் மூலத்தில் காரிஸ்தான். கொடுப்பதற்கும் நன்றிக்கும் ஒரே சொல்! அந்தக் கறிவேப்பிலை கடனடைப்பு இல்லை, ஸ்தோத்திரம். அதை வேண்டாம் என்றீர்கள். கொடுக்கத் தெரிந்த நமக்கு வாங்கத் தெரியவில்லை.

மொய் தம்பிக்கும் இதுதான். அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் எனக்குப் பாதி பன் பிய்த்துக் கொடுத்தார். அவரே நோயாளி. வாங்கித் தின்றேன், அவ்வளவுதான்.

மூன்று பிள்ளைகளின் அம்மா
நாத்தனாருக்குச் சேலை எடுத்துக் கொடுத்து எனக்கும் மனஸ்தாபம் வந்திருக்கிறது, அதை விடுங்கள். துக்க வீட்டுக்குப் பாத்திரத்தில் வைத்துக் கொடுக்கவே கூடாது. பொட்டலமாகக் கட்டுங்கள். பாத்திரம் போனால்தானே திரும்பி வர வேண்டும்? நீங்கள் போகாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பெரியவர்கள் போனால் அவர்களும் பதிலுக்கு ஏதாவது எடுத்துவர வேண்டியிருக்கும். அளவையும் குறையுங்கள், நான்கு முறுக்கு போதும். முடிந்தால் பண்டிகை அன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் கழித்து, மிச்சம் இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள். மொய்க்கும் என் யோசனை, அந்தப் பத்தாயிரத்தை அப்படியே சர்ச் அசனத்துக்கு (எல்லாருக்கும் போடும் விருந்து) கொடுத்துவிடுங்கள், கணக்கு முடிந்துவிடும்.

பாளைக்காரி
அம்மா, பொட்டலமாகக் கொடுத்திருந்தால் அக்கா எங்கள் வாசலுக்கே வந்திருக்க மாட்டார். அதுவா நல்லது? மிச்சம் என்று பொய் சொல்லவும் எனக்கு வராது.

வாத்தியார் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று குடைகிறது. இந்த எட்டு வருடத்தில் அக்காவிடம் நான் எதுவுமே கேட்டதில்லை. ஒரு கரண்டி சர்க்கரைகூட. அவர் வீட்டுக் கறிவேப்பிலை மரம் இப்போது மதிலுக்கு மேலே வந்துவிட்டது. காலையில் ரசம் வைக்க வேண்டும். தூக்குவாளியை வெறுமனே எடுத்துக்கொண்டு போய், "அக்கா, ஒரு கொத்துக் கறிவேப்பிலை தாங்க" என்று கேட்கப்போகிறேன்.