நிறையா, எடையா? விஞ்ஞானம் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சி இந்த முறை ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறாள். பௌதிகப் பகுதியைத் தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறாள். விளக்கம் அருமை, சொல்தான் சிக்கல்.

எங்கட புத்தகத்தில் திணிவு (பொருளில் உள்ள சடத்தின் அளவு, mass) கிலோகிராமில், நிறை (அதைப் பூமி இழுக்கும் விசை, weight) நியூட்டனில். அங்கே நிறை என்றாலே கிலோகிராம், நியூட்டனில் வருவது எடை! எங்கள் கதி (speed) அவர்களுக்கு வேகம், எங்கள் வேகம் (velocity) அவர்களுக்குத் திசைவேகம். ஆர்முடுகல் (acceleration) முடுக்கமாம், வலு (power) திறனாம். போன தவணையில் 5 கிலோகிராம் திணிவின் நிறை கேட்டதற்கு, 5 கிலோகிராம் என்றே எழுதிவிட்டு வந்தாள். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் 50 நியூட்டன் வரவேண்டும்.

இரண்டு பக்கச் சொற்களும் வரைவிலக்கணத்தோடு உள்ள பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? கையால் எழுதின கொப்பி என்றாலும் பரவாயில்லை, படம் எடுத்துப் போடுங்கோ.