பட்டாவில் பெயரில்லாத விவசாயிக்கு வழி சொல்லுங்கள்

வடசென்னை நண்பர்களுக்கு வணக்கம்.

கொடுங்கையூரில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்காக எழுதுகிறேன். மீஞ்சூர் பக்கம் குடும்ப நிலம். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு எல்லாம் இவர்தான். சேற்றுப்புண் ஆறாத விரலிடுக்கில் மஞ்சளை அப்பிக்கொண்டு விடிகாலை ரயிலைப் பிடிக்கிறார். பட்டாவோ காலமான மாமனார் பெயரில். கணவரும் தவறிவிட்டார், கொழுந்தனார்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அதனால் பயிர்க்கடனும் இல்லை, விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் இல்லை.

வளரும் நாடுகளின் விவசாய உழைப்பாளர்களில் சராசரியாக 43 சதவீதம் பெண்கள் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011-லேயே சொன்னது. ஆண்களுக்குக் கிடைக்கும் வசதிகள் இவர்களுக்கும் கிடைத்தால் பெண்களின் வயல்களில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும் என்றும் சொன்னது. இத்தனை உழைத்தும் காகிதத்தில் இவர் விவசாயி இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பொன்னேரி வட்டத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடத்திய வழக்கறிஞர் யாரையாவது தெரியுமா? 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் குழுவை அணுகியவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ், சிட்டா நகல் கையில் இருக்கின்றன. பகலில் அவர் வயலில் இருப்பார். மாலை ஏழு மணிக்கு மேல் எங்கே வரச்சொன்னாலும் நானே அழைத்து வருகிறேன்.