ஸ்ரேசன் கொட்டகைக் காசு: அனுப்ப முதல் சில விசயங்கள்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கட ஊர் றெயில்வே ஸ்ரேசனில நிழற்கொட்டகையும் கழிவறையும் கட்ட, வெளிநாட்டில இருக்கிற எங்களிட்டை 18 இலட்சம் ரூபா சேர்க்கிறதெண்டு ஊர்ச் சங்கத் தலைவர் போட்ட மடலைப் பார்த்திருப்பியள். ரீச்சர் அக்கா மார்கழியில போனபோது மேடையில பிள்ளைத்தாச்சி ஒருத்தி நனைஞ்சுகொண்டு நிண்டதைக் கண்டு எழுதினதில தொடங்கின கதை. வேலை அவசியம், அதில மறுகதை இல்லை. ஆனால் கணக்கெண்டு வந்த ஒற்றைத் தாளில ‘கட்டடம் 14, ஏனையவை 4’ எண்டு மட்டும் கிடக்கு. முந்திக் கிணறு கட்டின கணக்கில பட்டது போதும். எந்த வேலைக்கு என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை எண்ட அளவைப் பட்டியல் வரி வரியாக வரவேணும்.

நிலம் றெயில்வேயின்ர. எழுத்தில அனுமதி இல்லாமல் ஒரு குழியும் வெட்டேலாது. தூண் தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி நிக்கவேணும், கூரை விளிம்பு எதுவரை வரலாம் எண்டதை அவையே வரைபடத்தில குறிச்சுத் தரவேணும். பெட்டி வாசலில எட்டிப் பார்க்கிற ஆளின்ர தலையும் அந்தக் கணக்குக்குள்ள அடங்கும்.

வீட்டு விறாந்தை மாதிரி நாலு பக்கமும் திறந்து போட்டால் பிரயோசனமில்லை. எங்கட மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்றோட சாய்ஞ்சு அடிக்கிற மழை. வடகிழக்குப் பக்கம் மறைப்பு வேணும். தென்மேற்குப் பக்கத்தைத் திறந்து விடுங்கோ, கோடையில சோளகம் வந்து போகும். கூரை தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரியவேணும், கூரைப் பீலித் தண்ணி தூரத்தில போய் விழவேணும். அது தண்டவாளத்துக்குக் கீழ கிடக்கிற சல்லிக்குள்ள இறங்கினால் செம்மண் கரைஞ்சு சல்லி இடுக்கை அடைக்கும். பிறகு ஒவ்வொரு கோச்சி (றெயில்) போகேக்கையும் தண்டவாளத்தைத் தாங்குற சிலிப்பர்கட்டை ஆடி, சேறு மேல வந்து, பாதை தாழும்.

இரும்புத் தூணை நேராக மண்ணுக்குள்ள இறக்க விடாதேங்கோ. நிலமட்டத்திலதான் முதல் கறல் (துரு) பிடிக்கும். கொங்கிரீற் அடித்தளத்தை நிலத்தைவிட 4 அங்குலம் உயர்த்தி, மேற்பரப்பை வெளிப்பக்கம் சரிச்சு, தூணின்ர அடித்தகட்டைப் போல்ட்டால பூட்டவேணும். வெல்டிங் வைச்ச இடத்தில இரும்பின்ர துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போகும், அங்க துத்தநாகப் பெயின்ற் இரண்டு தரம். குழி வெட்ட இரண்டடிக்குள்ள சுண்ணக்கல்லுத் தட்டுப்படலாம். அலவாங்கால உடைக்கிற கூலி மதிப்பீட்டில இல்லவே இல்லை.

கழிவறைதான் எனக்குப் பெரிய பயம். அடி திறந்த குழியெண்டால் எங்கட சுண்ணக்கல்லு வெடிப்பு வழியாக அழுக்கு நேரே அயல் கிணறுகளுக்குப் போகும். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணியில நைத்திரேற்று ஏற்கெனவே கூட. அடியும் பக்கமும் பூசின மூடின தொட்டிதான் சரி. அப்ப ஒரு கணக்கு: நாளுக்கு 60 பேர், ஆளுக்கு 6 லீற்றர் எண்டால் 360 லீற்றர். 10,000 லீற்றர் தொட்டி 28 நாளில நிரம்பும். அதை உறிஞ்சி எடுக்க மாதம் ஒரு பவுசர் (தாங்கி லொறி) வரவேணும். அந்தக் காசும், கழுவுகிற ஆளின்ர சம்பளமும், தண்ணி மோட்டருக்குக் கரண்டும் ஆர் கட்டுறது? இதுக்கு மறுமொழி இல்லாமல் கட்டினால் அடுத்த வருசம் பூட்டுத் தொங்கும்.

காசை ஒரேயடியாகக் குடுக்கவேண்டாம். அடித்தளம் முடிய 30 வீதம், கூரை ஏற 40, கழிவறையில தண்ணி ஓட 20. மிச்சம் 10 வீதத்தை ஒரு மாரி கழியும்வரை பிடிச்சு வையுங்கோ. ஒழுக்கு மாரியிலதான் தெரியும்.

எங்கட சங்கத்தின்ர லண்டன் கிளை ஸ்ரேசனில வைக்கக் கேட்கிற நினைவுக்கல்லின்ர வாசகத்தில, ஊருக்குக் கோச்சி வந்த ஆண்டு ‘1905’ எண்டு எழுதியிருக்கு, திருத்துங்கோ. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 21 மைல் பாதை திறந்தது 1902 மார்ச் 11. எங்கட ஊருக்கால கோச்சி ஓடத் தொடங்கினது அப்ப. 1905 ஓகஸ்ட் 1 கொழும்போட தொடுத்த நாள்.

ஒஸ்லோவிலிருந்து, கணக்குப் பரிசோதகர்

---

பரிசோதகர் அண்ணைக்கும் மற்றவைக்கும்,

ஆண்டைத் திருத்தினதுக்கு நன்றி. ஆனால் கல்லை ‘ஏனையவை’ எண்டு தள்ளிவிட விடமாட்டம். அதுக்கு 18 இலட்சத்தில ஒரு சதமும் வேண்டாம், லண்டன் கிளை தனியப் போடும். கோண்டாவில், இணுவில், கொக்குவில் சுருட்டு தெற்கு முழுக்கப் போன பாதை இது. 1990 ஜூன் 13 கடைசிக் கோச்சி, பிறகு போரில சிலிப்பர்கட்டையும் தண்டவாளமும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போச்சு. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர் 13, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2 எண்டு திரும்பி வந்தது. கொழும்பு–யாழ்ப்பாணம் யாழ்தேவிக் கோச்சி தொடங்கின 1956 ஏப்ரல் 23-உம் சேர்த்து இந்தத் திகதிகள் எல்லாம் கல்லில வரவேணும். அந்த மேடையில நிக்கிற பிள்ளையளுக்கு 24 வருசம் கோச்சி வரேல்லை எண்டது தெரியவேணும்.

காசு தந்த ஆக்களின்ர பேர் ஒண்டும் வேண்டாம். கோயில் தேர்முட்டிக் கல்லில பேர் வெட்டேக்க, காசு தந்த வடக்குவீதி ஆக்களின்ர பேரை விட்டதை நாங்கள் மறக்கேல்லை.

தொட்டி விசயத்தில அண்ணை சொல்லுறது சரி. பவுசர்க் காசை முதல் மூன்று வருசத்துக்கு நாங்கள் ஏற்கிறம். அனுமதிக் கடிதத்தின்ர பிரதியையும் அளவைப் பட்டியலையும் தலைவர் இந்தக் கிழமைக்குள்ள எல்லாருக்கும் அனுப்பட்டும், அதுவரை எங்கட பங்கு வங்கியிலயே கிடக்கும்.

லண்டன் கிளை