வெண்ணெய் உருண்டையை ஏழு யானை இழுத்ததா?

தாம்பரம் தினேஷ்: நேற்று மாமல்லபுரம் போயிருந்தோம். கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை, 250 டன் கல். 1908இல் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லையாம். பல்லவர்கள் நிறுத்தி வைத்த கல் என்றால் சும்மாவா!

பரங்கிமலைக்காரன்: மறுபடியும் ஏழு யானையா? ஹேவ்லாக் 1896 முதல் 1900 வரைதான் சென்னை மாகாண ஆளுநர். 1908இல் இருந்தவர் ஆர்தர் லாலி. பதவியில் இல்லாதவர் எப்படி யானை கட்டச் சொல்வார்? அப்புறம், அதை யாரும் தூக்கி வைக்கவில்லை. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் முதலில் சிதைந்து, நடுக்கல் உருண்டையாக மிஞ்சியது. முன்னால் நின்று படம் எடுத்தால் போதுமா? பின்பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு துண்டு உடைந்து விழுந்து தட்டையாக இருக்கும்.

தாம்பரம் தினேஷ்: வருஷத்தை விடுங்கள் அண்ணே. யானை ஏழு. வழிகாட்டி சொன்னார்.

குரோம்பேட்டை வாசுகி: யானையை விடுங்கப்பா. கல் நிற்கிற அந்தச் சரிவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறை கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்தில் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். அதைக் கேட்க ஆள் இல்லை.

தாம்பரம் தினேஷ்: என் பையன்தான் சறுக்கினான். உங்களுக்கு என்ன வந்தது அக்கா?

பரங்கிமலைக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். ஏழு யானைக்கு ஆதாரம் எங்கே? போன வருஷம் எங்கள் பரங்கிமலைப் பாறையை வெறும் கருங்கல் என்று எழுதியவரும் நீங்கள்தான். அது சார்னகைட் என்கிற தனி வகைப் பாறை. 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து பெயர் வைத்தது. தேசிய புவியியல் நினைவுச்சின்னம். இன்றுவரை ஒரு வருத்தம் தெரிவித்தீர்களா?

குரோம்பேட்டை வாசுகி: எந்தப் பேச்சு எடுத்தாலும் பரங்கிமலைக்கு வந்துவிடுகிறீர்களே சார். வெண்ணெய் உருண்டைக்கு வான் இறைக் கல் என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. அதை ஒருத்தரும் எழுதவில்லை.

பரங்கிமலைக்காரன்: பெயரைப் பிறகு பார்ப்போம் அம்மா. ஹேவ்லாக்கா, லாலியா? அதற்கு முதலில் பதில் வேண்டும்.

தாம்பரம் தினேஷ்: ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். அதே வழிகாட்டியைக் கேட்டு வந்து எழுதுகிறேன். ஏழுதான்.

பரங்கிமலைக்காரன்: ஆளுநர் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.